மொய்க்கு முன்னால் ஒரு முப்பது ரூபாய்

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறவர்கள் வங்கியைப் பற்றியும் ஆதார் மையத்தைப் பற்றியும் நிறையப் புலம்பியாகிவிட்டது. தபால் நிலையம் பக்கம் யாரும் போவதாகத் தெரியவில்லை. இந்த முறை நான் போக வேண்டி வந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்தில் எங்கள் ஊர். தங்கை மகளுக்குக் கல்யாணம். லண்டனிலிருந்து வந்தவனுக்கு ஊரில் யார் வீடு எங்கே என்று தெரியாது, நேரில் பத்திரிகை வைக்கக் கூட்டிப்போனால் வழி கேட்டே பொழுது போய்விடும் என்று, தபாலில் அனுப்பும் வேலையை என் தலையில் கட்டினார்கள்.

நான் வருவதற்கு முன்பே ஒரு கட்டு போயிருந்தது. கடைப் பையன் எல்லாக் கவரிலும் ஐந்து ரூபாய் ஸ்டாம்பு ஒட்டி, தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டான். அதன் பலன் மதுரையிலிருந்து பெரியம்மாவின் போன்: "ஏன்டா, கல்யாணத்துக்குக் கூப்பிட்டுட்டு கூப்பிட்ட கூலியையும் என்கிட்டயே வாங்குறீங்களா?" தபால்காரர் வாசலில் நின்று முப்பது ரூபாய் கேட்டிருக்கிறார். பெரியம்மா கொடுத்தும் விட்டார்.

கணக்கு எளிதுதான். சாதாரணக் கடிதத்துக்கு முதல் 20 கிராம் வரை 5 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு 20 கிராமுக்கும் அல்லது அதில் ஒரு பகுதிக்கும் இன்னொரு 5 ரூபாய். இப்போதைய பத்திரிகைகளின் கனம்தான் உங்களுக்குத் தெரியுமே. கெட்டி அட்டை, உள்ளே இரண்டு தாள், மேலே பொன்முலாம் பூசிய பிள்ளையார், போதாதென்று ஒரு குட்டிப் பொட்டலத்தில் குங்குமம். எங்களுடையது 70 கிராமைத் தொட்டது. ஆக 20 ரூபாய் ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டியது 5. குறைவு 15. அந்தக் குறைவை இரட்டிப்பாக்கிப் பெறுபவரிடம் வாங்குவதுதான் நெடுநாள் வழக்கம். ஸ்டாம்பே இல்லாவிட்டால் முழுக் கட்டணமும் இரட்டிப்பு. எங்கள் பக்கத்தில் இதற்கு நாட்பெய்டு என்று பெயர்.

இந்த இரட்டிப்புக்கு வயது அதிகம். 1854 அக்டோபர் 1 முதல் இந்தியா முழுவதும் தூரம் பார்க்காமல் கால் தோலா (தோலா அக்கால எடை அளவு) எடைக்கு அரை அணா என்று ஒரே கட்டணம் வந்தபோதே, ஸ்டாம்பு ஒட்டாத கடிதத்துக்கு இரு மடங்கு என்ற விதியும் வந்துவிட்டது. 1898ஆம் ஆண்டுத் தபால் சட்டம் இன்னும் தெளிவாகச் சொன்னது: பெறுபவர் பிரிக்காமல் அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டால் அவருக்குப் பொறுப்பில்லை, பணத்தை அனுப்பியவரிடம் வாங்கு. பிரித்துவிட்டால் கட்டத்தான் வேண்டும். அந்தச் சட்டத்தின் இடத்தில் இப்போது 2023ஆம் ஆண்டுச் சட்டம், 2024 ஜூன் 18 முதல் நடைமுறையில் இருக்கிறது. தபால் சேவைக்குக் கட்ட வேண்டியதைக் கட்டாவிட்டால் நிலவரி பாக்கியைப் போல வசூலிக்கலாம் என்று அதில் ஒரு பிரிவு உண்டு. ஐந்து ரூபாய் ஸ்டாம்புக்காகத் தாசில்தார் ஜீப்பில் வந்து இறங்கப் போவதில்லை, இருந்தாலும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

சட்டப்படி பெரியம்மா வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மஞ்சள் தடவிய கவரை வாசலோடு திருப்பி அனுப்ப எந்த வீட்டில் மனசு வரும்? அதனால் கல்யாணப் பத்திரிகையில் ஸ்டாம்பு குறைந்தால் அது கிட்டத்தட்ட உறுதியாக வசூலாகிவிடும். ஒரு காலத்தில் இதையே சிலர் தந்திரமாகப் பயன்படுத்தினார்கள். முக்கியமான கடிதம் கட்டாயம் போய்ச் சேர வேண்டுமா, ஸ்டாம்பே ஒட்டாதே, காசு வாங்க வேண்டியிருப்பதால் தபால்காரர் ஆளைத் தேடிப்பிடித்துக் கொடுப்பார் என்பார்கள். கெட்டிக்காரத்தனம்தான். காசு கட்டியவர் என்ன நினைத்தார் என்று யாரும் கேட்டதில்லை.

பத்திரிகைக்குப் பெரியவர்கள் கையாண்ட நேர்வழி வேறு. கவரின் வாயை ஒட்டாமல் உள்ளே செருகி, மேலே புக் போஸ்ட் என்று எழுதுவார்கள். அந்தக் கட்டணம் முதல் 50 கிராமுக்கு 4 ரூபாய், அடுத்த 50 கிராமுக்கு 3 ரூபாய் என்று இருந்தது. அந்தக் கணக்கில் எங்கள் 70 கிராம் பத்திரிகை 7 ரூபாயில் போயிருக்கும். அந்த முறையிலும் வம்பு உண்டு. புக் போஸ்ட் ஸ்டாம்பு ஒட்டிவிட்டு, குங்குமம் கொட்டிவிடுமே என்று யாராவது கோந்து தடவிவிட்டால் அது கடிதமாகிவிடும், கட்டணமும் கடிதக் கட்டணம். நூல்கள் அனுப்புகிறவர்களுக்கு இருந்த பழைய மலிவு வழி 2024 டிசம்பரில் நின்றுபோய், 2025 மே 1 அன்று ஞான் போஸ்ட் என்ற பெயரில் வேறொன்று வந்திருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய். சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இடையில் வந்த மாதங்கள் கஷ்டகாலம்.

சரி, மீதிக் கட்டை நான் எடுத்துக்கொண்டு எங்கள் ஊர்த் தபால் நிலையத்துக்குப் போனேன். கவுன்டரில் இருந்த அம்மாள் ஒரு பத்திரிகையைத் தராசில் வைத்தார், எண்ணைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். "பெட்டியில போட்டுடாதீங்க சார். எல்லாம் ஒரே மாதிரிதானே, ஒண்ணை எடை போட்டாப் போதும், எல்லாத்துக்கும் இருபது ஒட்டிருங்க." இருபது ரூபாய் ஸ்டாம்பு இருப்பில் இல்லை, பத்தும் ஐந்துமாகக் கலந்து கொடுத்தார். ஒட்ட இடம் போதாமல் பிள்ளையார் பக்கம்வரை ஸ்டாம்பு ஏறியது. பதிவுத் தபாலில் அனுப்பலாமா என்றேன். அதை ஸ்பீட் போஸ்டோடு சேர்த்தாகிவிட்டது என்றார். ஸ்பீட் போஸ்டும் பார்சலும் கவுன்டரிலேயே எடை போட்டு, பார்கோடு ஒட்டி, காசு வாங்கிய பிறகுதான் உள்ளே போகின்றன. அங்கே கட்டணம் குறைய வழியே இல்லை. குறைவதெல்லாம் பெட்டியில் போடும் சாதாரணத் தபாலில்தான். இன்றைக்குப் பெட்டியில் போடுவது பெரும்பாலும் கல்யாணக்காரர்கள் என்பதால், இந்த நாட்பெய்டு சமாசாரம் கிட்டத்தட்ட முகூர்த்த மாதங்களின் வியாதி ஆகிவிட்டது.

லண்டனில் இதே பத்திரிகை வேறு காரணத்துக்காக மாட்டும். அங்கே 2006 ஆகஸ்ட் முதல் எடையோடு அளவும் பார்க்கிறார்கள். கடிதம் என்றால் 100 கிராம் வரை போகலாம், ஆனால் கனம் 5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. 70 கிராம் அங்கே ஒரு பிரச்சினையே இல்லை. பிள்ளையார்தான் பிரச்சினை. அவர் துருத்திக்கொண்டு நிற்பதால் கவர் பெரிய கடிதம் என்ற வகைக்குப் போய்விடும். 2025 ஏப்ரல் கட்டணப்படி முதல் வகுப்பில் சாதாரணக் கடிதம் 1.70 பவுண்டு, பெரிய கடிதம் 3.15. குறைவாக ஒட்டினால் வாசலுக்கு ஆள் வந்து கேட்க மாட்டார். சாம்பல் நிறக் கார்டு ஒன்று கதவிடுக்கில் விழும். குறைந்த தொகையோடு ஒரு கையாளும் கட்டணத்தையும் சேர்த்து இணையத்தில் கட்டலாம், இல்லாவிட்டால் அந்தக் கார்டிலேயே ஸ்டாம்பு ஒட்டித் திருப்பித் தபாலில் போடலாம். அதுவரை கவர் அவர்கள் வசம். உள்ளே என்ன இருக்கிறது, யார் அனுப்பியது என்று தெரியாமலே பணம் கட்ட வேண்டும். ஊரில் தபால்காரர் கவரைக் கையில் காட்டிவிட்டுத்தான் காசு கேட்கிறார், வேண்டுமா வேண்டாமா என்று பார்த்து முடிவு செய்யலாம். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு ஊர் முறைதான் பிடித்திருக்கிறது.

இரண்டு நாடுகளுக்கு நடுவே குறைந்தால்? 1874இல் பெர்னில் தொடங்கிய உலகத் தபால் ஒன்றியத்தின் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. அனுப்பும் நாட்டில் கவரின்மேல் 'டி' என்று முத்திரை குத்தி, பக்கத்தில் ஒரு பின்னம் எழுதுவார்கள். மேலே குறைந்த தொகை, கீழே அந்த நாட்டின் கடிதக் கட்டணம். போய்ச் சேரும் நாடு அந்தப் பின்னத்தைத் தன் கடிதக் கட்டணத்தால் பெருக்கி, கையாளும் செலவையும் சேர்த்துப் பெறுபவரிடம் வாங்கிக்கொள்ளும். ரூபாயைப் பவுண்டாக மாற்றும் தொல்லையே இல்லாமல் செய்த அழகான வேலை இது.

திரும்பும் முன் பருப்புப் பொடி, அப்பளம், புளிக்காய்ச்சல் பொடி எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு லண்டனுக்கு அனுப்பினோம், விமானத்தில் எடை மிஞ்சிவிட்டதால். டிராக்கிங் உள்ள வெளிநாட்டுப் பாக்கெட் சேவைக்கு 2 கிலோதான் வரம்பு. அட்டைப்பெட்டியின் எடையும் அதில் சேரும் என்பதைத் தராசு சொன்னது. தங்கை அங்கேயே பெட்டியைத் திறந்து ஒரு பொடிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டாள். நெய்யும் பால்கோவாவும் முதலிலேயே கழிந்துவிட்டன, பால் பொருளை பிரிட்டனுக்குள் தபாலில் விடமாட்டார்கள்.

இங்கே பலர் குழம்புகிற ஓரிடம் உண்டு. ஊரிலிருந்து வரும் பார்சலுக்கு லண்டனில் பணம் கேட்டு கார்டு வந்தால், அங்கே ஸ்டாம்பு குறைத்து ஒட்டிவிட்டார்கள் என்று ஊருக்குப் போன் போட்டுச் சத்தம் போடுகிறார்கள். பெரும்பாலும் அது சுங்க வரி. பரிசுப் பொருள் 39 பவுண்டு வரை வரியில்லாமல் வரும். அதைத் தாண்டினால் வரியும், அதைத் தபால்காரர்கள் வசூலிப்பதற்கு 8 பவுண்டு கையாளும் கட்டணமும் உண்டு. கவுன்டரில் நிரப்பும் படிவத்தில் பரிசு என்று குறித்து, பொருளையும் உண்மையான விலையையும் தனித்தனியாக எழுதினால் போதும். எங்கள் பெட்டிக்குக் கார்டு எதுவும் வரவில்லை. பருப்புப் பொடி பாதி தீர்ந்துவிட்டது.