டி28287 எங்கே? காரண்ட் டிராயிங் தொகுப்போடு மூன்று வருடம்

மூன்று வருடத்துக்கு முன் நான் 45 டாலர் கொடுத்து வாங்கிய தொகுப்பு இப்போது 20 டாலருக்குக் கிடைக்கிறது. "அண்ணா, இப்ப வாங்கிடலாமா?" என்று தம்பி ஒருவர் போன வாரம் கேட்டார். வாங்கு என்று சொல்ல வாய் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் மனசு வரவில்லை.

எம்1 காரண்ட் என்ற பழைய அமெரிக்க ராணுவத் துப்பாக்கியின் ஒவ்வொரு பாகத்துக்கும் அந்த ராணுவம் வைத்திருந்த டிராயிங்குகளை ஸ்கேன் செய்து பிடிஎஃப்பாகப் போட்ட குறுவட்டு அது. துப்பாக்கியைப் பற்றி இங்கே பாடம் எடுக்கப் போவதில்லை. நான் துப்பாக்கிப் பைத்தியம் இல்லை, டிராயிங் பைத்தியம். அமெரிக்காவில், கனெக்டிகட்டில் ஒரு தொழிற்கூடத்துக்குக் கணினியில் டிராயிங் வரைந்து கொடுப்பவன். காரண்டின் பாகங்கள் எல்லாம் பிரிந்து வரிசையாக மிதக்கிற மாதிரி ஒரு பெரிய படத்தை, அளவு பிசகாமல் வரைந்து சுவரில் மாட்ட வேண்டும் என்பது என் ஆசை. அவ்வளவுதான்.

சரி, வயிற்றெரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். தொகுப்பில் அட்டவணை கிடையாது. ஒரே ஒரு பக்கம், எந்தக் கோப்பு எந்தப் பாகம் என்று தட்டியிருந்தால் போதும். அதுகூட இல்லை. கோப்புகளின் பெயர்கள் வெறும் ஏழு இலக்க எண்கள். 6528287, 5546008, 7790722 என்று போய்க்கொண்டே இருக்கும். விலாசம் எழுதாமல் நம்பர் மட்டும் ஒட்டிய தபால் மூட்டையைத் தலையில் கொட்டிவிட்டுப் போன மாதிரி.

என் சக ஊழியர் ஒருவரிடம் அப்பா வழியாக வந்த காரண்ட் இருக்கிறது. அவர் அதைப் பிரித்துத் துடைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். தோட்டா அறையைப் பின்னாலிருந்து மூடும் பாகமான போல்ட்டின் மேல் டி28287-12எஸ்.ஏ. என்று அடித்திருந்தது. வீட்டுக்கு வந்து டி28287 என்று தேடினால், இல்லை. ஹேமரில், அதாவது சுடும்போது ஊசியைத் தட்டுகிற சுத்தியலில், இருந்த சி46008-ஐத் தேடினேன். அதுவும் இல்லை. விற்றவருக்கு எழுதினேன். எல்லாம் உள்ளே இருக்கிறது என்று ஒரு வரி பதில் வந்தது. இரண்டு வாரம் அந்த மனிதரைத் திட்டாத நாள் இல்லை.

அப்புறம் ஒரு ராத்திரி, ஹேமர் கோப்பு தற்செயலாகத் திறந்தது. 5546008. கடைசி ஐந்து எண்ணைப் பாருங்கள். 46008! போல்ட் 6528287, அதற்குள்ளே 28287. பழைய முறையில் முன்னால் நின்ற எழுத்து, டிராயிங் தாளின் அளவு: சி என்றால் 17-க்கு 22 அங்குலம், டி என்றால் 22-க்கு 34. பிறகு எல்லாவற்றையும் எண்ணாக மாற்றியபோது சி இருந்த இடத்தில் 55 வந்தது, டி இருந்த இடத்தில் 65. பதினொன்றரை மணிக்கு நான் போட்ட சத்தத்தில் மனைவி எழுந்து வந்துவிட்டாள்.

பின்னால் வரும் 12 அந்த டிராயிங்கின் திருத்த எண். எஸ்.ஏ. என்பது ஸ்பிரிங்ஃபீல்ட் ஆர்மரி. அதாவது எந்த டிராயிங், எத்தனையாவது திருத்தம், எந்த ஆலை என்ற மூன்றும் இரும்பிலேயே இருக்கிறது. பாகத்தைக் கையில் எடுத்தால் அதன் ஜாதகம் அதிலேயே எழுதியிருக்கிறது! எங்கள் தொழிற்கூடத்தில் திருத்த எண்ணைத் தாளில் மாற்றச் சொன்னாலே ஆளைக் காணோம். இந்த ஒரு விஷயத்துக்காக நான் கொடுத்த 45 டாலரும் செரித்துவிட்டது.

ஸ்கேன் சுமார்தான். மைக்ரோஃபிலிமிலிருந்து எடுத்தது போலிருக்கிறது. கோடுகள் அங்கங்கே அறுந்திருக்கின்றன. 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரியாமல் பக்கத்து அளவுகளைக் கூட்டிக் கழித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு பாகத்தை நான் இடவலமாகத் திருப்பி வரைந்தது மட்டும் விற்றவர் பிழையல்ல. நம் ஊர் பாலிடெக்னிக்கில் ஃபர்ஸ்ட் ஆங்கிள் படித்த கை, அமெரிக்க டிராயிங் தேர்ட் ஆங்கிள்; பக்கத் தோற்றத்தை எந்தப் பக்கம் வரைவது என்பதில் இரண்டும் நேர் எதிர். பத்து வருடம் இங்கே வேலை பார்த்தும் தூக்கக் கலக்கத்தில் கை பழைய பழக்கத்துக்குப் போய்விடுகிறது.

ஆனால் இதை அசல் டிராயிங் என்று விளம்பரம் செய்ததைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை. காரண்டை ராணுவம் ஏற்றது 1936-இல். சுடும்போது வரும் வாயுதான் அடுத்த தோட்டாவை ஏற்றும்; ஆரம்பத் துப்பாக்கிகளில் அந்த வாயுவைக் குழல் முனையில் பிடிக்கும் அமைப்பு இருந்தது. பிறகு குழலிலேயே துளை போட்டார்கள். இந்தத் தொகுப்பில் முந்தையதைக் காணோம். இருப்பது கடைசித் திருத்தம்தான். முன்பு என்ன இருந்தது என்பது ஓரத்துக் கட்டத்தில் ஒரு தேதியாகவும் ஒரு வரியாகவும் சுருங்கிக் கிடக்கிறது.

அந்த வாயு தள்ள, போல்ட்டைப் பின்னுக்கு நகர்த்துகிற கம்பியான ஆபரேட்டிங் ராடில்தான் இது உச்சம். பழைய ராடுகளில், குழாய்ப் பகுதி கைப்பிடிப் பகுதியோடு சேரும் இடத்தில் சதுர மூலை இருந்தது. அங்கே விரிசல் விட்டதால், பிறகு அந்த மூலையில் பிறை மாதிரி ஒரு வெட்டுப் போட்டார்கள். எனக்கு வேண்டியது வெட்டில்லாத பழையது, டி35382. என் சூத்திரப்படி 6535382 என்று தேடினேன். அந்த எண்ணே தொகுப்பில் இல்லை. ராடு புது எண்ணில், 7790722 என்று, பிறை வெட்டோடு வந்து நிற்கிறது.

ஆக, தம்பிக்குப் பதில்: ஐந்துக்கு இரண்டு மதிப்பெண், வாங்காதே. ஆறு மாதத்துக்கு முன் என் குறுவட்டு கீறல் விழுந்து படிக்காமல் போனபோது அதையே மறுபடி முழு விலை கொடுத்து வாங்கினேன் என்பது வேறு விஷயம். இரவல் கேட்காதே, தர மாட்டேன். நான் தட்டி வைத்திருக்கிற அட்டவணை வேண்டுமானால் அனுப்புகிறேன். அதில் ஒரு வரிசை மட்டும் காலியாக இருக்கும். சதுர மூலையோடு இருக்கும் டி35382 டிராயிங் யாரிடமாவது இருந்தால், எந்தத் திருத்தமானாலும் பரவாயில்லை, சொல்லுங்கள்.