காரணம் தெரியாத தலை அழுத்தம்: குழந்தைக்கு அசெட்டசோலமைடா, டோபிராமேட்டா, அறுவை சிகிச்சையா?

ஸ்கேனில் கட்டி இல்லை, மூளையின் நீரறைகள் பெருக்கவில்லை, சிரைகளில் ரத்தக்கட்டும் இல்லை. ஆனாலும் கண்ணுக்குப் பின்னால் பார்வை நரம்பு வீங்கியிருக்கிறது. முதுகில் ஊசி போட்டு அளந்தால் மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த நீரின் அழுத்தம் 28 செ.மீ. நீர் உயரத்தைத் தாண்டுகிறது. இதுதான் காரணம் தெரியாத தலை அழுத்த நோய். இந்த நிலையில் எந்தச் சிகிச்சை என்பதைப் பார்வையை வைத்தே முடிவு செய்ய வேண்டும். தலைவலி குறைந்துவிட்டது என்று மருந்தை நிறுத்திய பிறகும் பார்வைப் புலம் ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே போகலாம். சுவர் எழுத்துகளைக் குழந்தை 6/6 படிப்பதும் ஆறுதல் தராது, நடுப்பார்வை கடைசியில்தான் கெடும்.

நோயைச் சரியாக உறுதி செய்யாமல் மருந்துகளை ஒப்பிட்டுப் பயனில்லை. ஊசி போடும்போது குழந்தை பக்கவாட்டில் படுத்து, காலை ஓரளவு நீட்டித் தளர்ந்திருக்க வேண்டும். அழுதாலும் முக்கினாலும் எண் ஏறும். மயக்க மருந்தால் மூச்சு மந்தமாகிக் கரியமிலவாயு கூடினாலும் ஏறும். மயக்கம் கொடுக்காத, பருமனில்லாத குழந்தைக்கு 25 செ.மீ.யே வரம்பு. எம்.ஆர்.ஐ.யோடு, மூளையின் சிரைகளைக் காட்டும் எம்.ஆர்.வி. ஸ்கேனும் கட்டாயம்; சிரை ரத்தக்கட்டு இதே வேடத்தில் வரும். முகப்பருவுக்கு டாக்சிசைக்ளின், மினோசைக்ளின், ஐசோட்ரெட்டினாயின், அல்லது வைட்டமின் ஏ, வளர்ச்சி ஹார்மோன் எடுக்கிறதா, ஸ்டீராய்டை அண்மையில் நிறுத்தினார்களா என்று கேளுங்கள். அப்படி ஏதாவது இருந்தால் நோய் 'காரணமற்றது' ஆகாது. மருந்து கொடுத்த மருத்துவரிடம் பேசி அதை விலக்குவதுதான் முதல் சிகிச்சை.

முதல் மருந்து அசெட்டசோலமைடு. மூளையில் நீர் சுரப்பதையே குறைக்கிறது. உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 15 முதல் 25 மி.கி. வரை, இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துத் தொடங்குவது வழக்கம். 40 கிலோ குழந்தைக்கு 250 மி.கி. மாத்திரை மூன்று வேளை என்றால் கணக்குப் பொருந்தும். தேவைப்பட்டால் நிபுணர் படிப்படியாகக் கூட்டுவார். விரல் நுனியிலும் உதட்டிலும் மரமரப்பு, சோடா குடித்தால் உலோகச் சுவை, சோர்வு, பசியின்மை ஆகியவை எதிர்பார்க்க வேண்டியவை. மரமரப்பைக் கண்டு பயந்து வீட்டிலேயே நிறுத்திவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. கவலைப்பட வேண்டியவை ரத்தத்தில் அமிலம் கூடுதல், பொட்டாசியம் குறைதல், சிறுநீரகக் கல். எனவே ரத்தப் பரிசோதனையும் நிறையத் தண்ணீரும் அவசியம்.

இதற்குச் சான்றும் வலுவானது. 2014இல் வெளியான ஆய்வில், லேசான பார்வைக் குறையுள்ள 165 பேர், உப்பைக் குறைத்து எடையையும் குறைக்கும் உணவோடு ஆறு மாதம் இம்மருந்தையோ போலி மாத்திரையையோ எடுத்தார்கள். மருந்து எடுத்தவர்களின் பார்வைப் புலம் கூடுதலாக மேம்பட்டது; தலைவலியில் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடில்லை. அவர்கள் எல்லோரும் பெரியவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. குழந்தைகளுக்கு அதைப் பொருத்திப் பார்த்துத்தான் நாம் கொடுக்கிறோம்.

வலிப்புக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் தரப்படும் டோபிராமேட்டின் பலம் வேறு இடத்தில். ஒற்றைத் தலைவலியும் சேர்ந்திருக்கும், எடையும் கூடிய வளரிளம் பருவத்தினருக்கு அது நன்றாகப் பொருந்தும். கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.5 முதல் 3 மி.கி. வரை, இரு வேளையாகப் பிரித்து, வாரா வாரம் மெல்ல ஏற்ற வேண்டும். வேகமாக ஏற்றினால் சொல் தேடித் தடுமாறுவதும் படிப்பில் மந்தமும் வரும். ஆசிரியர்தான் முதலில் கவனிப்பார். வியர்வை குறைவதால் வெயில் காலத்தில் உடல் சூடேறும். முதல் சில வாரங்களில் கண் சிவந்து வலித்து, தூரப்பார்வை திடீரென மங்கினால் அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். கருவைப் பாதிக்கும் மருந்து என்பதால் பருவமெய்திய பெண்ணிடமும் பெற்றோரிடமும் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் தேர்வு: நரம்பு வீக்கம் தெளிவாக இருந்தால் அசெட்டசோலமைடு. வீக்கம் லேசாக இருந்து தலைவலியே பெரும்பாடாக இருந்தால் டோபிராமேட். இரண்டையும் சேர்த்தால் அமிலமும் கல்லும் இரட்டிப்புக் கவலை. சிறுநீரைப் பெருக்கும் ஃபியூரோசெமைடு துணைக்கு மட்டும். எடை குறைப்பது பருமனான வளரிளம் பருவத்தினருக்குச் சிகிச்சையின் நடுநாயகம். பருவமடையாத குழந்தைகளில் பலர் ஒல்லியானவர்கள். அவர்களைப் பட்டினி போடக் கூடாது.

மருந்தையும் மீறிப் பார்வை நழுவினால் காத்திருக்க நேரமில்லை. பார்வை நரம்பு உறையில் சாளரம் திறக்கும் அறுவை, கண்ணைக் காக்கும். தலைவலிக்கு அவ்வளவு உதவாது. நீரை வேறிடத்துக்கு வடிக்கும் குழாயான ஷன்ட், பார்வைக் கேடு, தலைவலி இரண்டையும் தணிக்கும். ஆனால் குழாய் அடைபடும், கிருமி தொற்றும், மறு அறுவை அடிக்கடி தேவைப்படும். நீரறைகள் சிறியவை என்பதால் மூளைக்குள் குழாயைச் செருகுவதும் எளிதல்ல. மூளையின் சிரையை விரித்து வைக்கும் வலைக்குழாயான ஸ்டென்ட் வைப்பதில் குழந்தைகளிடம் அனுபவம் குறைவு. ரத்தம் உறையாமலிருக்க மாதக்கணக்கில் மாத்திரையும் வேண்டும்.

எந்த வழியானாலும் கண் பரிசோதனையே அளவுகோல். பார்வைப் புலச் சோதனைக்கு ஒத்துழைக்க முடியாத சிறு குழந்தைக்கு நரம்பு வீக்கத்தை ஒளியால் அளக்கும் ஓ.சி.டி. படமும், கண்ணின் உட்புறப் பின்பகுதியின் படமும் எடுத்து முந்தையதோடு ஒப்பிட வேண்டும். வீக்கம் வடிந்து சில மாதங்கள் அப்படியே நின்றால் மட்டும் மருந்தைப் படிப்படியாகக் குறைத்து, நிறுத்திய பிறகும் கண்ணைப் பார்க்க வேண்டும்.