புதிய மடிக்கணினியின் கீல்: எது இயல்பு, எது குறை?

அண்மையில் வாங்கிய 14 அங்குல மடிக்கணினியின் திரையும் விசைப்பலகையும் கொடுத்த விலைக்குத் தகுந்தவை. பேட்டரியும் ஒரு வேலைநாளைத் தாங்குகிறது. இதை வாங்க நினைப்பவர்கள் கவனமாகப் பார்க்க வேண்டியது கீலைத்தான்.

மூடிய நிலையில், திரைக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே இடப்புறத்தில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. வலப்புறத்தில் அது இல்லை. பெட்டியைப் பிரித்ததும் கண்ணில் படுவது இதுதான் என்பதால், பலரும் இதையே குறை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பிளாஸ்டிக் உடல் கொண்ட கணினிகளில் இவ்வளவு சிறிய வேறுபாடு பாகங்களைப் பொருத்தும்போதே வந்துவிடுவதுண்டு. அது மட்டும் என்றால் நான் பொருட்படுத்தியிருக்க மாட்டேன்.

ஆனால், மூடியின் நடுவில் விரலை வைத்து மெதுவாகத் திறந்தபோது வலது மூலை முதலில் எழுந்தது. இடது மூலை சற்றுப் பிந்தி, ‘டக்’கென்ற ஓசையுடன் வந்து சேர்ந்தது. அதற்குள் திரையைச் சுற்றிய சட்டம் லேசாக முறுக்கிக்கொண்டதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது.

இருபுறக் கீல்களும் உராய்வினால்தான் திரையை நாம் விட்ட கோணத்தில் நிறுத்தி வைக்கின்றன. ஒன்று மட்டும் அளவுக்கு மீறி இறுகியிருந்தால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்த விசை, கீலைப் பிடித்திருக்கும் திருகாணிகளின் மேல் இறங்குகிறது. விலை குறைந்த கணினிகள் பலவற்றில் அந்தத் திருகாணிகள் பிளாஸ்டிக்கில் பதித்த சிறு பித்தளை மரைகளில்தான் முடுக்கப்பட்டிருக்கும். நாளடைவில் மரை பிடுங்கிக்கொண்டு, கீல் இருக்கும் மூலை பிளந்துவிடும். திரைக்குச் செல்லும் கேபிளும் கீலை ஒட்டியே போவதால் அதற்கும் ஆபத்து உண்டு.

சேவை மையத்தில், “புதுசுதானே சார், போகப்போகச் சரியாயிடும்” என்றார்கள். புதுக் கீல் பழகப் பழகச் சற்று இளகும் என்பது மெய்தான். ஆனால் இரண்டும் சமமாக இறுகியிருக்கும்போதுதான் அந்தச் சமாதானம் பொருந்தும். ஒருபக்க இறுக்கத்தை அப்படி விட்டுவிட்டு, பின்னர் மூலை பிளந்த கணினியோடு போய் நின்றால், பயன்படுத்துபவரால் நேர்ந்த சேதம் என்று சொல்லி உத்தரவாதத்தை மறுப்பது எளிது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் தரத்தில் உள்ள குறைபாட்டையும் குறையாகவே வரையறுக்கிறது. கணினி இயங்குகிறது என்பதனாலேயே அதில் குறை இல்லை என்று ஆகிவிடாது. எனவே மூலை பிந்துவதும் ஓசையும் தெளிவாகத் தெரியும்படி வீடியோ எடுத்து, மாற்றிக்கொள்வதற்கான கெடு முடியுமுன் விற்பனையாளருக்கு எழுத்துமூலமாக அனுப்பினேன். மறுபேச்சின்றி மாற்றித் தந்தார்கள். அந்த அளவில் அவர்களைப் பாராட்டவே வேண்டும்.

மாற்றாக வந்த கணினியிலும் இடப்புற இடைவெளி அப்படியேதான் இருக்கிறது. ஆயினும் இரு மூலைகளும் ஒன்றாக எழுகின்றன, ஓசை இல்லை, எந்தக் கோணத்தில் விட்டாலும் திரை கோணாமல் நிற்கிறது. அதை நான் வைத்துக்கொண்டேன். இந்த மாடலைக் கடையில் வாங்குபவர்கள் பில் போடுமுன் ஒருமுறை நடுவில் பிடித்து நிதானமாகத் திறந்து பார்க்கட்டும். இணையத்தில் வாங்குபவர்கள் பெட்டி பிரிப்பதோடு முதல் திறப்பையும் சேர்த்தே படம்பிடித்துக்கொள்வது நல்லது.