ஐபி டிப்ளமோவா, ஏபி பாடங்களா? பத்தாம் வகுப்புப் பெற்றோருக்கு ஒரு மதிப்பீடு

அமெரிக்கப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு முடியுமுன்னே அடுத்த வருடப் பாடங்களைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும். ஏபி (Advanced Placement, பள்ளியிலேயே எடுக்கும் கல்லூரித்தரப் பாடங்கள்), ஐபி (International Baccalaureate, இரண்டு வருட டிப்ளமோ படிப்பு) இரண்டும் உள்ள பள்ளி என்றால் எது கஷ்டம், எதற்கு மதிப்பு என்றுதான் பெற்றோர் பேசிக்கொள்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியவை வேறு இரண்டு: மதிப்பெண் எப்போது கைக்கு வரும், சேரப்போகும் கல்லூரி அதற்கு என்ன தரும்.

ஏபி தட்டில் எடுத்துக்கொள்ளும் பலகாரம். பிடித்த பாடத்தை மட்டும் எடுக்கலாம். மே மாதத் தேர்வு, 1 முதல் 5 வரை மதிப்பெண். ஐபி டிப்ளமோ இலை போட்ட முழுச் சாப்பாடு. மொத்தம் ஆறு பாடம். மூன்று உயர்நிலை, ஒவ்வொன்றும் 240 மணி நேரம். மூன்று பொதுநிலை, 150 மணி நேரம். பாடத்துக்கு அதிகபட்சம் 7 மதிப்பெண் வீதம் 42. ஒன்றை அறிந்தோம் என்று எப்படிச் சொல்கிறோம் என ஆராயும் அறிவுக் கோட்பாடும் (Theory of Knowledge) 4,000 சொல் ஆய்வுக் கட்டுரையும் சேர்ந்து இன்னும் 3. ஆக 45.

24 எடுத்தால் டிப்ளமோ என்று பரவலாகச் சொல்கிறார்கள். அது பாதி உண்மைதான். மூன்று உயர்நிலைப் பாடங்களில் மட்டும் 12 வேண்டும். ஏதாவது ஒரு பாடத்தில் 1 வந்தாலோ, ஆய்வுக் கட்டுரையிலோ அறிவுக் கோட்பாட்டிலோ கடைசித் தரமான 'ஈ' விழுந்தாலோ, மொத்தம் எவ்வளவு இருந்தாலும் டிப்ளமோ இல்லை. படைப்பாற்றல், உடல் சார்ந்த செயல்பாடு, சேவை மூன்றும் சேர்ந்த 'காஸ்' (CAS) பகுதிக்கு மதிப்பெண்ணே கிடையாது. ஆனால் முடிக்காவிட்டால் அதுவும் டிப்ளமோவைத் தடுக்கும்.

பிள்ளைகள் அதிகம் திணறுவது ஆய்வுக் கட்டுரையில். தலைப்பை அகலமாக வைப்பதுதான் காரணம். 'சமைத்தால் சத்து குறையுமா' என்று வேதியியலில் ஆரம்பித்தால் 4,000 சொல்லும் பொதுப்பேச்சில் கரைந்துவிடும். 'மஞ்சள் குடைமிளகாயை 2, 4, 6, 8, 10 நிமிடம் கொதிக்கவைத்தால் வைட்டமின் சி எவ்வளவு குறைகிறது' என்று வைத்தால் பள்ளி ஆய்வகத்திலேயே அயோடின் டைட்ரேஷனில் (நிறம் மாறும் வரை அயோடின் கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கும் முறை) அளக்கலாம், ஒவ்வொரு அளவையும் ஐந்து முறை திருப்பிச் செய்யலாம். இதற்குக் கீரையை எடுக்கக் கூடாது. சாற்றின் பச்சை, நீலமாக மாறும் கட்டத்தை மறைத்துவிடும். வழிகாட்டும் ஆசிரியர் மொத்தமாகத் தரும் நேரமே மூன்று முதல் ஐந்து மணிதான். ஆகவே பதினொன்றாம் வகுப்புக் கோடை விடுமுறைக்குள் சோதனை முடிந்து முதல் வரைவு கையில் இருக்க வேண்டும்.

அடுத்தது கணக்கு. ஐபியில் 'அனாலிசிஸ் அண்ட் அப்ரோச்சஸ்', 'அப்ளிகேஷன்ஸ் அண்ட் இன்டர்பிரட்டேஷன்' என்று இரண்டு வகை. பொறியியலோ இயற்பியலோ படிக்கும் எண்ணம் இருந்தால் முதல் வகையை உயர்நிலையில் எடுங்கள். இரண்டாவதைப் பொதுநிலையில் எடுத்துவிட்டு இங்கிலாந்தில் பொறியியலுக்கு விண்ணப்பித்தால் பல இடங்களில் கதவு திறக்காது. சின்னப் பள்ளிகளில் உயர்நிலைக் கணக்கும் உயர்நிலை இயற்பியலும் ஒரே பீரியடில் விழுவதுண்டு. கால அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

காலக்கணக்கு அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஏபிக்குச் சாதகம். பத்திலும் பதினொன்றிலும் எழுதிய ஏபி மதிப்பெண்கள் விண்ணப்பிக்கும்போதே கையில் இருக்கும். ஐபியிலோ அதிகபட்சம் இரண்டு பொதுநிலைப் பாடங்களைத்தான் முதல் வருட முடிவில் எழுத முடியும். மற்றவற்றின் முடிவு பன்னிரண்டு முடிந்த ஜூலையில்தான் வரும். அதற்குள் சேர்க்கையே முடிந்திருக்கும். இங்கிலாந்தில் நிலைமை வேறு. அங்கே ஆசிரியர் கணித்துத் தரும் மதிப்பெண்ணை வைத்து நிபந்தனையோடு இடம் தருவதால் ஐபி நன்றாகவே எடுபடும்.

கிரெடிட் விஷயத்தில், அதாவது பள்ளித் தேர்வு மதிப்பெண்ணை வைத்துக் கல்லூரிப் பாடத்தை முடித்ததாகக் கணக்கில் எடுப்பதில், ஒரே விதி இல்லை. ஏபியின் இரண்டு கால்குலஸ் பாடங்களில் பெரியதான கால்குலஸ் பிசியில் (BC) 5 எடுத்தால் எம்ஐடி முதல் கால்குலஸ் பாடத்துக்குக் கிரெடிட் தரும். கால்டெக் ஏபிக்குக் கிரெடிட்டே தராது. அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் 3 போதும். ஐபிக்குப் பெரும்பாலும் உயர்நிலைப் பாடங்களுக்குத்தான் கிரெடிட். பொதுநிலை மூன்றும் அந்தக் கணக்கில் வராமலே போகலாம். மனதில் உள்ள நான்கைந்து கல்லூரிகளின் கிரெடிட் அட்டவணையை இப்போதே எடுத்துப் பாருங்கள்.

தமிழ்க் குடும்பங்கள் அதிகம் கவனிக்காத வசதி ஒன்று ஐபியில் உண்டு. தாய்மொழி இலக்கியத்தைப் பள்ளியின் துணையோடு தானே படித்துப் பொதுநிலையில் எழுதலாம். அதை ஆங்கில இலக்கியத்தோடு சேர்த்து எடுத்து இரண்டிலும் 3-க்குக் குறையாமல் பெற்றால் இருமொழி டிப்ளமோ கிடைக்கும். தமிழ் நன்றாக வாசிக்கும் பிள்ளைக்கு இது அருமையான வழி. தமிழில் எழுத முடியுமா என்பதை மட்டும் பள்ளியின் ஐபி ஒருங்கிணைப்பாளர் வழியாகத் தொடக்கத்திலேயே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

எழுத்திலும் வாசிப்பிலும் ஆர்வம், எல்லாப் பாடத்திலும் ஓரளவு பிடிப்பு, வெளிநாட்டுப் படிப்பு எண்ணம் எல்லாம் இருந்தால் ஐபி டிப்ளமோவை மனதாரப் பரிந்துரைக்கலாம். கணக்கிலும் அறிவியலிலும் மட்டும் வேகமாக ஓடும் பிள்ளையை அதில் தள்ள வேண்டாம். ஏபி கால்குலஸ் பிசியும், கால்குலஸைக் கொண்டு நடத்தும் ஏபி இயற்பியல் சியும் (Physics C) போதும். ஐபியில் சேர்ந்த பிறகு தாங்கவில்லை என்றாலும் வழி அடைந்துவிடாது. பன்னிரண்டாம் வகுப்பு நவம்பரில் தேர்வுக்குப் பதிவு செய்யுமுன், டிப்ளமோவை விட்டுவிட்டுத் தனிப்பாடச் சான்றிதழுக்கு மாறிக்கொள்ளலாம்.