‘இண்டஸ்ட்ரியல்’ என்று சொல்லி விற்ற யூஎஸ்பி ஹப்: யாங்கோனில் வாங்குகிறவர்கள் கவனிக்கவும்

யாங்கோனில் எடை மெஷின், ஸ்கேனர், பிரிண்டர் எல்லாவற்றையும் ஒரே கம்ப்யூட்டரில் மாட்டித் தொழில் செய்கிற நம் ஆட்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். எனக்கு நாலு லட்சத்து இருபதாயிரம் கியாட் போனது. அதைவிட, ஒரு லோடு உளுந்து தப்பான எடையோடு வெளியே போகப் பார்த்தது.

பயின்னாங் சந்தையில் உளுந்தும் துவரையும் எடுத்து, சலித்து, 50 கிலோ மூட்டையாக்கி, இந்தியாவுக்கு ஏற்றுமதி செய்கிறவர்களுக்குக் கொடுக்கிறோம். இரண்டு எடை மெஷின், இரண்டு ஸ்கேனர், ஒரு லேபிள் பிரிண்டர். இவற்றையெல்லாம் கம்ப்யூட்டரின் ஒரே யூஎஸ்பி போர்ட்டில் சேர்த்து மாட்டுகிற பெட்டிதான் ஹப். முன்பு ஒரு பிளாஸ்டிக் ஹப் இருந்தது. கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறும்போதும், சல்லடை மோட்டார் ஓடத் தொடங்கும்போதும் எடை மெஷினின் தொடர்பு அறுந்துவிடும். கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸில், மெஷின் வேறு லைனில். இரண்டின் எர்த்தும் ஒரே அளவில் நிற்காது, அந்த வித்தியாசம் யூஎஸ்பி கம்பி வழியாகப் பாய்கிறது. இதற்கு ஐசொலேஷன் உள்ள ஹப் வேண்டும். அதில் இரு பக்கத்துக்கும் நடுவே நேரடிக் கம்பித் தொடர்பு கிடையாது, டேட்டா மட்டும் தாண்டிப் போகும்.

நான் போன கடைக்காரர் தமிழ் பேசுகிறவர். அதனாலேயே நம்பினேன். “அண்ணே, இது ஃபேக்டரிக்குன்னே செஞ்சது. ஐசொலேஷன் இருக்கு, 24 வோல்ட் நேரா குடுக்கலாம்” என்றார். இரும்புப் பெட்டி, ஏழு போர்ட், கம்பியை முடுக்க ஸ்க்ரூ, கையில் எடுத்தால் நல்ல கனம். கூடவே 5 வோல்ட் அடாப்டரும் கொடுத்தார். பேரம் பேசாமல் வாங்கினேன்.

இரண்டு வாரம் போனது. ஒரு நாள் மத்தியானம் மூட்டை தைக்கிற பையன் ஓடி வந்து, “மாமா, மூணு மூட்டைக்கும் ஒரே எடை வருது” என்றான். போய்ப் பார்த்தேன். மெஷினின் சிவப்பு எழுத்தில் 49.62. கம்ப்யூட்டர் திரையில் 50.04. மூட்டையை இறக்கிவிட்டு அடுத்ததை ஏற்றச் சொன்னேன். மெஷினில் 50.31, திரையில் அதே 50.04. ஹப்பின் தொடர்பு எப்போதோ அறுந்திருக்கிறது. கடைசியாக வந்த எடையையே பிடித்துக்கொண்டு பிரிண்டர் லேபிள் அடித்துத் தள்ளியிருக்கிறது. எங்கள் புரோகிராமிலும் குறை உண்டு, தொடர்பு போனால் அது நின்றிருக்க வேண்டும். இப்போது அப்படி மாற்றிவிட்டோம். அன்று காலையிலிருந்து தைத்த 86 மூட்டைகளையும் திரும்ப எடை போட்டு முடிக்க இரவு பதினொன்று ஆனது. முதுகு ஒடிய உழைத்தவர்கள் சுமை தூக்குகிற பையன்கள்தான். அதுதான் எனக்கு ஆறவில்லை.

மறுநாள் பெட்டியைத் திறந்தேன். அடியில் கனத்துக்காக ஒரு இரும்புத் தகடு ஒட்டியிருந்தது. மேலே விரலகலத்தில் ஒரு போர்டு. ஏழு போர்ட் என்பது நாலு போர்ட் சிப் இரண்டைக் கோத்தது, அதில் தப்பில்லை, பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் 24 வோல்ட் கொடுக்கலாம் என்ற ஸ்க்ரூவிலிருந்து கம்பி நேராக 5 வோல்ட் லைனுக்குப் போனது, நடுவே ஒன்றுமே இல்லை. அவர் சொன்னதை நம்பி 24 கொடுத்திருந்தால் மாட்டியிருந்த அத்தனையும் கருகியிருக்கும். ஐசொலேஷன் என்று சொன்னதும் பொய்.

கடைக்கு மூன்று முறை நடந்தேன். முதலில் “உங்க கரண்ட்தான் சரியில்லை” என்றார்கள். அப்புறம் “திறந்துட்டீங்க, வாரண்டி கிடையாது” என்றார்கள். மூன்றாம் முறை முதலாளி வெளியே வரவே இல்லை.

திறக்காமலே கண்டுபிடிக்கலாம். ஒரு மல்டிமீட்டரைக் கையோடு கொண்டுபோங்கள். ஹப்பில் எதையும் மாட்டாமல், கம்பித் தொடர்பு இருந்தால் பீப் அடிக்கிற நிலையில் மீட்டரை வைத்து, கம்ப்யூட்டருக்குப் போகிற பிளக்கின் கிரவுண்டில் (மைனஸ் முனை) மீட்டரின் ஒரு முனை, மெஷின் மாட்டுகிற போர்ட்டின் கிரவுண்டில் மறு முனை. பீப் அடித்தால் ஐசொலேஷன் இல்லை. அடுத்து, கம்ப்யூட்டரில் மாட்டாமல் ஹப்பின் அடாப்டரை மட்டும் போட்டு, அதே பிளக்கில் வோல்ட் பாருங்கள். என்னுடையதில் 5 வோல்ட் வந்தது. அது கம்ப்யூட்டர் போர்ட்டுக்குள் திரும்பிப் பாய்கிற கரண்ட், போர்டையே கெடுத்துவிடலாம். அடாப்டரில் எத்தனை ஆம்பியர் என்றும் படியுங்கள். யூஎஸ்பி 2.0 போர்ட் ஒன்றுக்கு 500 மில்லி ஆம்பியர் வரை தர வேண்டும். ஏழுக்கு மூன்றரை ஆம்பியர். எனக்குக் கொடுத்தது ஒரு ஆம்பியர் அடாப்டர்.

சிங்கப்பூரில் இருக்கிற மச்சான் மூலம் வேறொன்று வாங்கி வரச் செய்தேன். மின் பேனல் பெட்டிக்குள் இருக்கிற உலோகப் பட்டையில் மாட்டுகிற வகை, கேபிள் பிளக்கையும் ஸ்க்ரூ போட்டு இறுக்கலாம். மாட்டுவதற்கு முன் இரண்டு சோதனையும் செய்தேன். பீப் இல்லை, வோல்ட்டும் இல்லை.

பழைய கடையின் கண்ணாடி அலமாரியில் அதே இரும்புப் பெட்டி இன்னும் இருக்கிறது. போன வாரம் அந்த வழியாகப் போனபோதும் பார்த்தேன்.