‘போர்டு போச்சு’ என்று சொன்னால் கழற்றிய போர்டைக் கையில் கேளுங்கள்

கம்பத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேருக்குக் கொடுக்கிற குமுளி, வண்டிப்பெரியார், கட்டப்பனைப் பக்கத்து ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். கடையின் பெயரைச் சொல்லவில்லை. புகார் கொடுக்கப் போகிற நேரம், அது ஒரு காரணம். இந்த வேலை ஒரு கடையோடு நிற்பதும் இல்லை. கேரள எல்லைக்கு மேலே குமுளிப் பக்கமும் நடக்கும், கீழே கம்பம் பக்கமும் நடக்கும்.

எங்களுக்குக் குமுளியில் ஏலக்காய் வியாபாரம். ஐப்பசி மழையில் இடி இல்லாத சாயங்காலம் இங்கே குறைவு. அப்படி ஒரு ராத்திரிக்கு மறுநாள் ஆபீஸ் சிஸ்டத்தைப் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, மானிட்டரில் மட்டும் ‘நோ சிக்னல்’. புத்தடி ஏலத்தில் எடுத்த சரக்குக்குப் பில் போட வேண்டிய நாள் அது. சிபியுவைத் தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டு கம்பத்துக்கு இறங்கிவிட்டேன். இங்கே பாதிப் பேர் எதற்கென்றாலும் கம்பத்துக்குத்தான் இறங்குவோம். கடை அதிகம், பாஷை நம்முடையது, பார்ட்ஸும் உடனே கிடைக்கும்.

கடைக்காரர் பக்கத்து மூடியைக்கூடக் கழற்றவில்லை. ஒருமுறை ஆன் செய்து பார்த்தார். “இடி எறங்கியிருக்குண்ணே, போர்டு போச்சு” என்றார். போர்டு என்றால் மதர்போர்டு, எல்லாப் பாகமும் செருகியிருக்கிற பெரிய பலகை. மலைமேல் இருந்து வருகிறவனிடம் இடி என்று சொன்னால் மறுபேச்சு இருக்காது என்று அவருக்குத் தெரியும். புதுப் போர்டு 5,800 ரூபாய். இரண்டு நாள் கழித்து போன் வந்தது: “ஹார்ட் டிஸ்க்லயும் பேட் செக்டர் காட்டுதுண்ணே, இப்பவே மாத்திருங்க, இல்லன்னா டேட்டா போயிரும்.” பேட் செக்டர் என்றால் டிஸ்கில் கெட்டுப்போன இடம். கணக்கு வழக்கு எல்லாம் அதில் இருக்கும்போது யார்தான் வேண்டாம் என்று சொல்வார்கள்? 1 டிபி டிஸ்க் 3,900, சர்வீஸ் 700. மொத்தம் 10,400 ரூபாய்.

வாங்கப் போன அன்று பழைய போர்டையும் பழைய டிஸ்கையும் கேட்டேன். “எக்ஸ்சேஞ்சுல போயிருச்சுண்ணே, ஸ்க்ராப்தானே” என்று சிரித்தார். பில் கேட்டேன். “பில்லுன்னா 18 பர்சென்ட் கூடும், அதுவும் கேரளா அட்ரஸுக்குப் போட முடியாது” என்று ஒரு துண்டுச் சீட்டில் தொகையை எழுதி நீட்டினார்.

பில்லுக்குச் சொன்ன இந்த இரண்டு பதிலையும் பிரித்துப் பார்க்க வேண்டும். நேரில் போய் வாங்குகிறவர் எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும் பில் போட எந்தத் தடையும் இல்லை. ஜிஎஸ்டி பதிவு உள்ள கடை என்றால் பில்லில் 15 இலக்க எண் இருக்கும். தமிழ்நாட்டுக் கடை என்றால் 33 என்று தொடங்கும், கேரளம் 32. அந்த எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் யார் பெயரில் பதிவு, இப்போது நடப்பில் இருக்கிறதா என்பது ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். பதிவு இல்லாத சின்னக் கடையாகவும் இருக்கலாம், அது குற்றம் இல்லை. ஆனால் பதிவு இல்லாதவர் வரி என்ற பெயரில் ஒரு பைசா வாங்கக் கூடாது. ‘பில்லுக்கு 18 பர்சென்ட்’ என்று சொல்லிவிட்டு எண் கேட்டால் பேச்சை மாற்றுகிறவரிடம் அங்கேயே கணக்கை முடித்துக்கொள்ளலாம்.

சரி, சிஸ்டம் வீட்டுக்கு வந்தது, ஓடியது. ஆனால் கணக்கு எழுதுகிற டாலியையும் பிரௌசரையும் சேர்த்துத் திறந்தால் திணறியது. புது டிஸ்கில் பழைய ஃபைல்களைத் திறக்கவே நேரம் எடுத்தது. அப்புறம் பனி இறங்கிய ஒரு காலையில் மறுபடியும் அதே ‘நோ சிக்னல்’.

இந்தத் தடவை கம்பம் போகவில்லை. குமுளியிலேயே டிவி ரிப்பேர் பார்க்கிற ஒரு சேட்டனைக் கூட்டி வந்தேன். மூடியைக் கழற்றியதும் போர்டின் ஓரத்தில் எரிந்த ஒரு சின்ன லைட்டைக் காட்டினார். அதன் பக்கத்தில் ‘டிரேம்’ என்று அச்சிட்டிருந்தது, ரேமைத்தான் அப்படிக் குறிக்கிறார்கள். இப்போது வருகிற பல போர்டுகளில் சிபியு, டிரேம், விஜிஏ, பூட் என்று நான்கு லைட் வைத்திருக்கிறார்கள். எதில் சிக்கலோ அது எரிந்தபடி நிற்கும். சேட்டன் ரேமைக் கழற்றி, தங்க நிறத்தில் இருக்கும் அதன் பல் பகுதியைப் பள்ளிப் பிள்ளைகளின் ரப்பரால் மெதுவாகத் தேய்த்தார். தூசியைத் தட்டி, இரண்டு பக்கமும் ‘டிக்’ என்று பூட்டும்வரை அழுத்தினார். படம் வந்துவிட்டது. மலையில் ஈரம் அதிகம், ரேமுக்கும் ஸ்லாட்டுக்கும் நடுவில் அழுக்குப் படிந்தால் தொடர்பு விட்டுப்போகும், அவ்வளவுதான் விஷயம். இடி நிஜமாகவே கம்பி வழியே உள்ளே வந்திருந்தால் பெரும்பாலும் மோடமும் நெட் கேபிள் செருகுகிற லேன் போர்ட்டும் பவர் சப்ளையும்தான் முதலில் அடிபடும். எங்கள் மோடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

(இதை நீங்களே செய்வதாக இருந்தால் பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டுச் செய்யுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.)

சிஸ்டம் வாங்கியபோது வந்த போர்டு அட்டைப் பெட்டி பரணில் கிடந்தது. பெட்டியின் ஸ்டிக்கரில் இருந்த சீரியல் நம்பரையும் உள்ளே இருந்த போர்டின் நம்பரையும் சேட்டன் டார்ச் அடித்து ஒத்துப் பார்த்தார். “ஈ போர்டு மாற்றியிட்டில்ல, சாரே” என்றார், இந்தப் போர்டை மாற்றவே இல்லை என்று. ஒரே நம்பர். 5,800 ரூபாய் வாங்கிக்கொண்டு என் போர்டை என்னிடமே விற்றிருக்கிறார்கள்.

பெட்டி இல்லாதவர்களுக்கு இன்னொரு தடயம் இருக்கிறது. விண்டோஸின் டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டோடு கட்டப்பட்டது. போர்டை மாற்றினால் சாதாரணமாக விண்டோஸ் ‘ஆக்டிவேட் ஆகவில்லை’ என்று கேட்கத் தொடங்கும். போர்டு மாற்றியதாகச் சொன்ன பிறகும் விண்டோஸ் வாயே திறக்கவில்லை என்றால் சந்தேகப்படக் காரணம் உண்டு. திருட்டு ஆக்டிவேட்டர் போட்டிருந்தாலும் அப்படி இருக்கலாம், ஆனால் அதுவும் உங்களுக்கு நல்ல செய்தி இல்லை.

ரேம் கதை இன்னும் மட்டம். எங்களுடையதில் இரண்டு 8 ஜிபி இருந்தது, திரும்பி வந்ததில் ஒன்றுதான். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபாமன்ஸ், மெமரி என்று போனால் மொத்தம் எத்தனை ஜிபி, எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது என்று இருக்கும். கொடுக்கும்முன் சிஸ்டம் ஓடுகிற நிலையில் இருந்தால் அந்தத் திரையை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஓடவில்லை என்றால் மூடியைத் திறந்து உள்ளே இருப்பதைப் போட்டோ எடுங்கள். வாங்கும்போது கடை வாசலிலேயே ஆன் செய்து பாருங்கள்.

‘புது’ டிஸ்க்குக்கு வருவோம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருள் உண்டு. டிஸ்க் இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதை அது காட்டும். புது டிஸ்கில் சில மணி நேரம்தான் இருக்க வேண்டும். எனக்கு விற்றதில் 21,000க்கு மேல் இருந்தது. நிறுத்தாமல் ஓடினாலே இரண்டேகால் வருஷத்துக்கு மேல். ஏதோ ஒரு சிசிடிவி பெட்டியில் கிடந்த டிஸ்காக இருக்கும் என்பது சேட்டனின் கணிப்பு. இந்த எண்ணையே அழித்துவிட்டு விற்பவர்களும் உண்டு. 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் பழைய சர்வர் டிஸ்குகளைப் பூஜ்யமாக்கிப் புதிது என்று விற்றது வெளியே வந்தது. டிஸ்குக்குள்ளேயே இருந்த இன்னொரு பதிவுதான் அதைக் காட்டிக்கொடுத்தது. நம்ம ஊரில் அந்தச் சிரமம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

பணத்தைவிட எனக்குத் தூக்கம் கெட்டது அந்தப் பழைய டிஸ்கால்தான். தோட்டக்காரர்களின் கணக்கு, வேலையாட்களின் ஆதார் நகல், பேங்க் பாஸ்புக் ஸ்கேன் எல்லாம் அதில் இருந்தது. டெலீட் செய்தாலும், குயிக் ஃபார்மட் போட்டாலும் ஹார்ட் டிஸ்கில் இருந்து பெரும்பாலும் மீட்டு எடுத்துவிடலாம். அது யாருடைய சிஸ்டத்தில் ஏறியிருக்கிறதோ! இதில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மானிட்டரில் படமே வராத சிஸ்டத்தைச் சோதிக்க டிஸ்க் தேவையே இல்லை. டிஸ்க் இல்லாவிட்டாலும் நல்ல போர்டில் முதல் திரை வரும். டெஸ்க்டாப்பில் சில ஸ்க்ரூ, இரண்டு கேபிள். கழற்றி வீட்டில் வைத்துவிட்டுக் கொடுக்கலாம்.

கம்பம் போய் எல்லாவற்றையும் வைத்துக் கேட்டதற்கு, “நீங்க கேரளாக்காரர், இங்க கேஸ் போட முடியாதுண்ணே” என்று பதில். மலை இறங்கி வருகிற எத்தனை பேரை இந்த ஒரு வாக்கியத்தை வைத்தே திருப்பி அனுப்பியிருப்பார்கள்! 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி, கடை எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கிற அல்லது வேலை பார்க்கிற மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். அதாவது கம்பத்துக் கடை மேல் இடுக்கியில் கொடுக்கலாம், குமுளிக் கடை மேல் கூடலூர்க்காரர் தேனியில் கொடுக்கலாம். பொருளுக்கும் சேவைக்கும் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து பதிவு செய்யலாம், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். பில் இல்லையே என்று விட்டுவிட வேண்டாம். யுபிஐ-யில் பணம் போன பதிவும் வாட்ஸப்பில் அவர் அனுப்பிய தொகையும் என்னிடம் இருந்தன.

இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு நோட்டீஸ் அனுப்பினேன். ஒரு வாரத்தில் போன் வந்தது, குரலே வேறு. டிஸ்க் பணம் 3,900 திரும்பி வந்தது. ஸ்க்ராப்பில் போன பழைய டிஸ்கும் ஒரு பிளாஸ்டிக் கவரில் திரும்பி வந்தது! சோதித்துப் பார்த்தோம், ஒரு பேட் செக்டர்கூட இல்லை.

போர்டு பணம் 5,800ம் அந்த ஒரு ரேமும் இன்னும் வரவில்லை. அதற்கு இடுக்கியில் மனு தயாராகிறது. கம்பத்தில் இதே மாதிரி கொடுத்து ஏமாந்தவர்கள் யுபிஐ பதிவையும் துண்டுச் சீட்டையும் பத்திரமாக வைத்துக்கொண்டு சொல்லுங்கள், சேர்ந்தே மனு போட முடியுமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.