புள்ளியாகத் தெரிந்த நிலநடுக்கம் கோடாக நீண்டது: க்யூஜிஐஎஸ் டெம்போரல் கண்ட்ரோலர் – ஒரு புவியியல் ஆசிரியையின் மதிப்புரை

2004 சுனாமியை விளக்கும் வரைபடங்கள் பலவற்றில் சுமத்ராவுக்கு மேற்கே கடலில் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கும். அதைச் சுற்றி வட்டவட்டமாக அலைகள் வரைந்திருப்பார்கள். நாகப்பட்டினம் மாவட்டக் கடற்கரையில் புவியியல் கற்பிக்கும் எனக்கு அந்தப் படத்தின் மீது நெடுநாள் கோபம் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் மாணவர்கள் கேட்கும் கேள்விக்கு அதில் பதில் கிடையாது. அலை வட்டமாகப் பரவியது என்றால், நம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்திருக்க, அதே வங்கக் கடலின் தலைமாட்டில் இருக்கும் வங்கதேசம் எப்படித் தப்பியது? இந்தக் கேள்வியைக் கேட்கும் பிள்ளைகள் எல்லாரும் சுனாமிக்குப் பிறகு பிறந்தவர்கள். ஆனாலும் அவர்கள் வீடுகளில் யாரோ ஒருவருடைய படத்துக்கு மாலை போட்டிருக்கும்.

அந்தப் பதிலை வகுப்பில் கண்ணால் காட்ட எனக்கு உதவியது, கணினியில் வரைபடம் உருவாக்கும் க்யூஜிஐஎஸ் என்ற மென்பொருள். குறிப்பாக, வரைபடத்தை நேர வரிசையில் ஓட்டிக் காட்டும் டெம்போரல் கண்ட்ரோலர் என்ற பகுதி. வரைபடத்துக்குள் நேரத்தைக் கொண்டுவர விரும்பும் எந்த ஆசிரியருக்கும் இதை மனதாரப் பரிந்துரைக்கிறேன். குறைகளும் உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

க்யூஜிஐஎஸ் இலவசம். 2002-இல் கேரி ஷெர்மன் தொடங்கிய திட்டம், இன்று உலகமெங்கும் தன்னார்வலர்களும் நிறுவனங்களும் சேர்ந்து வளர்ப்பது. நேரம் சார்ந்த தரவை அதில் ஓட்டிப் பார்க்க முன்பெல்லாம் அனிதா கிராசர் எழுதிய டைம்மேனேஜர் என்ற துணைநிரலைத் தனியாக நிறுவ வேண்டியிருந்தது. 2020 ஜூனில் வந்த 3.14 பதிப்பிலிருந்து அந்த வசதி மென்பொருளுக்குள்ளேயே வந்துவிட்டது. கருவிப்பட்டையில் கடிகாரப் படமுள்ள பொத்தானை அழுத்தினால் போதும், வரைபடத்துக்கு மேலே ஒரு பலகம் திறக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது அந்தப் பலகத்தைவிட, அதற்கு முன் செய்ய வேண்டிய வேலைதான். வரைபடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் தரவு அடுக்குகளை லேயர் என்பார்கள். ஒவ்வொரு லேயரின் அமைப்புகளிலும் நேரத்துக்கென்று ஒரு பக்கம் உண்டு. இந்தத் தரவுக்கு எத்தகைய நேரம் இருக்கிறது என்று அங்கே நாம் சொல்லியாக வேண்டும். தேதி நேரத்துக்கு ஒரே நெடுவரிசையா, தொடக்கத்துக்கும் முடிவுக்கும் தனித்தனி நெடுவரிசைகளா, தொடக்கமும் நீடிப்பும் கொண்டதா, அல்லது லேயர் முழுவதற்கும் ஒரே காலவரம்பா? நிலநடுக்கம் ஒரு கணம். நிவாரண முகாம் ஒரு நாள் திறந்து இன்னொரு நாள் மூடப்படுவது. பழைய கடற்கரை வரைபடம் அளவெடுத்த ஆண்டுக்கு மட்டுமே உரியது. ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று கேட்கப் பழகிய பிள்ளைகள், எப்போதிலிருந்து எப்போது வரை அங்கே இருந்தது என்றும் கேட்கத் தொடங்குவது இந்தப் பக்கத்தில்தான். நான் இதை நிரப்பாமல் கரும்பலகைக்குக் கொண்டுபோய், பிள்ளைகளையே முடிவு செய்யச் சொல்வேன். முகாமுக்கு ஒற்றை நெடுவரிசை போதாது என்று அவர்களே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

தரவுக்கு அலைய வேண்டியதில்லை. அமெரிக்க நிலவியல் ஆய்வு மையத்தின் நிலநடுக்கப் பட்டியலில் காலவரம்பையும் பகுதியையும் தந்து தேடினால் சிஎஸ்வி என்ற எளிய அட்டவணைக் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். 2004 டிசம்பர் 26 முதல் 2005 மார்ச் இறுதி வரை, சுமத்ரா முதல் அந்தமான் வரை, ரிக்டர் என்று நாம் வழக்கமாகச் சொல்லும் அளவில் 5-க்கு மேற்பட்டவற்றை மட்டும் எடுத்தேன். ஒவ்வொரு வரியிலும் நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, ஆழம், அளவு எல்லாம் இருக்கின்றன. முதன்மை நிலநடுக்கத்தின் வரி இப்படிச் சொல்கிறது: உலகப் பொதுநேரம் 00:58:53, வடக்கு 3.295, கிழக்கு 95.982, ஆழம் 30 கிலோமீட்டர், அளவு 9.1.

ஒரு படிக்கு ஒரு மணி நேரம் என்று வைத்து, வந்த புள்ளிகள் மறையாமல் சேர்ந்துகொண்டே போகும் தேர்வையும் இட்டு ஓட்டினேன். முதலில் சுமத்ராவுக்கு அருகே அந்தப் பெரிய புள்ளி. அடுத்தடுத்த மணிகளில் புள்ளிகள் வடக்கே நிக்கோபார் பக்கமும் அந்தமான் பக்கமும் முளைக்கின்றன. 04:21-க்கு நிக்கோபார் அருகே 7-ஐத் தாண்டிய ஒன்று. அன்றைய நாள் முடிவதற்குள் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு வடக்கு தெற்காக ஒரு பட்டை உருவாகிவிடுகிறது. வகுப்பில் அதன் பிறகு நான் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. பிளந்தது ஓர் இடமல்ல, ஒரு நீண்ட கோடு என்று பிள்ளைகளே சொன்னார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். இவை பின்னதிர்வுகள். இவை வந்த வரிசை, பாறை பிளந்த வரிசை ஆகாது. கடலடிப் பிளவு தெற்கிலிருந்து வடக்கே அந்த நீளம் முழுவதும் ஓடி முடிய எடுத்துக்கொண்டது ஏறத்தாழ பத்து நிமிடம்தான். பின்னதிர்வுகள் எதுவரை பிளந்தது என்பதைக் காட்டும், எந்த வேகத்தில் பிளந்தது என்பதைக் காட்டாது. அசையும் படம் கண்ணுக்கு ஒரு கதையைச் சொல்லிவிடும், அந்தக் கதை தரவில் இருக்கிறதா என்று பார்ப்பது படம் காட்டுபவரின் பொறுப்பு. ஓட்டுவதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுங்கள். ஓட்டிய பிறகு சொன்னால் யாரும் கேட்பதில்லை.

கோடு தெரிந்துவிட்டால் வங்கதேசக் கேள்விக்கும் வழி பிறக்கிறது. வடக்கு தெற்காகக் கிடக்கும் நீண்ட பிளவு நீரைப் பெரும்பாலும் கிழக்கேயும் மேற்கேயும்தான் தள்ளும். கிழக்கே தாய்லாந்து, மேற்கே இலங்கையும் தமிழகமும். வங்கதேசம் கோட்டின் நுனிக்கு வடக்கே இருக்கிறது. சிவப்புப் புள்ளியிலிருந்து நாகை ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர், ஆனால் நிக்கோபார் அருகே அந்தக் கோட்டிலிருந்து ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர்தான். நான்கு கிலோமீட்டர் ஆழமுள்ள கடலில் சுனாமி மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில் பயணிக்கும். கணக்கைப் பிள்ளைகளே போட்டார்கள். சென்னைத் துறைமுகத்தின் கடல்மட்டக் கருவி முதல் அலையைப் பதிந்தது காலை 9 மணியை ஒட்டி.

நேரத்தைப் பற்றி இன்னொன்று. பட்டியல் உலகப் பொதுநேரத்தில் இருப்பதால், ஐந்தரை மணி நேரம் கூட்டி இந்திய நேரத்துக்கென்று புதிய நெடுவரிசை ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள். 00:58 என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு நள்ளிரவு. 6:28 என்றால்தான் அம்மா அடுப்பு மூட்டிய நேரம், ஞாயிற்றுக்கிழமைக் காலை என்று பிடிபடுகிறது. ஓடும் நேரத்தை வரைபடத்தின் தலைப்பில் பெரிய எழுத்தில் காட்டவும் வழி உண்டு. பழைய புள்ளிகள் மெல்ல மங்கும்படி செய்ய ஒரு சிறு கோவை (சூத்திரம் போன்ற கட்டளை வரி) எழுதினால் போதும், எது புதிது என்று கடைசி இருக்கையிலிருந்தும் தெரியும்.

இனி குறைகள். வரைபடத்தை ஓட்டும்போது இரண்டு கடிகாரங்கள் இருக்கின்றன. ஒன்று நிகழ்ச்சியின் கடிகாரம், மற்றது பார்ப்பவரின் கடிகாரம். டெம்போரல் கண்ட்ரோலர் இவ்விரண்டையும் ஒற்றை கியர் சைக்கிள் போலப் பிணைத்துவிடுகிறது. படியின் அளவை ஒரு நாள் என்று வைத்தால், எங்களுக்கு வாழ்வும் சாவுமாக இருந்த முதல் மூன்று மணி நேரம் ஒரே ஃபிரேமில், அதாவது ஓடும் படத்தின் ஒரே சட்டகத்தில், நசுங்கிப்போகும். ஒரு நிமிடம் என்று வைத்தால் மார்ச் வரை போய்ச் சேர்வதற்குள் மணி அடித்துவிடும். முதல் மூன்று மணி நேரத்தை நிதானமாகவும் பிறகு வந்த மூன்று மாதங்களை விரைவாகவும் ஓட்டு என்று குறித்துவைக்க இடமில்லை. நான் இரண்டு முறை தனித்தனியாக ஏற்றுமதி செய்து ஒட்டிக்கொள்கிறேன். காணொளித் தொகுப்பு மென்பொருள்களில் இது அடிப்படை வசதி. வரைபட மென்பொருளிலும் இது இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

காலவரம்புகளை ஒப்பிடும் விதமும் எளிமையானதுதான். இரண்டு கால இடைவெளிகளுக்கு நடுவே 13 வகை உறவுகள் இருக்க முடியும் என்று கணினி அறிஞர் ஜேம்ஸ் ஆலன் 1983-இலேயே வகுத்துத் தந்தார்: முன்னதாக முடிவது, தொட்டு நிற்பது, மேற்கவிவது, உள்ளடங்குவது என்று போகும். கண்ட்ரோலரோ, இந்தப் பொருளின் காலம் இப்போதைய ஃபிரேமின் காலத்தோடு மேற்கவிகிறதா என்று மட்டுமே பார்த்துக் காட்டுகிறது. ஒரு முகாம் மூடும் முன்பே அடுத்தது திறந்ததா என்று கேட்க வேண்டுமானால் கோவை எழுதித்தான் ஆக வேண்டும்.

பெரிய குறை ஏற்றுமதியில். வெளியே வருவது வரிசையான அசையாப் படங்கள் (பிஎன்ஜி கோப்புகள்), எஃப்எஃப்எம்பெக் போன்ற வேறொரு மென்பொருள் கருவி கொண்டு அவற்றைக் காணொளியாகக் கோக்க வேண்டும். கோத்த பிறகு அதை யாரும் தொட்டுக் கேள்வி கேட்க முடியாது. அதனால் பிள்ளைகளின் கையில் கொடுப்பதற்கு நான் கூகுள் எர்த் ப்ரோவைப் பயன்படுத்துகிறேன். ஆண்டுக்கு 399 டாலர் கட்டணம் இருந்த அந்த மென்பொருள் 2015 ஜனவரியிலிருந்து இலவசம். இடங்களைக் குறித்துவைக்க அது பயன்படுத்தும் கேஎம்எல் என்ற கோப்பு வடிவத்தில் கணத்துக்கும் காலவரம்புக்கும் தனித்தனிக் குறிகள் உண்டு. 2008 முதல் அந்த வடிவம் பொதுத் தரமும்கூட. க்யூஜிஐஎஸ்ஸில் நேர நெடுவரிசைக்கு ஆங்கிலத்தில் டைம்ஸ்டாம்ப் என்று பெயரிட்டு கேஎம்எல்லாக ஏற்றுமதி செய்தால், கூகுள் எர்த் திறக்கும்போதே நேரப் பட்டை தோன்றுகிறது. பட்டையின் இரு முனைகளையும் தனித்தனியாக இழுக்கலாம், நேர மண்டலத்தையும் மாற்றலாம். மங்கும் புள்ளிகள் போன்ற நயங்கள் கூடவே வருவதில்லை, அது இழப்புதான். ஆனால் அதே மென்பொருளில் சுமத்ராவின் வடமுனையிலுள்ள பண்டா ஆச்சே நகரக் கரையின் சுனாமிக்கு முந்தைய படத்தையும் பிந்தைய படத்தையும் மாற்றி மாற்றிப் பார்க்க முடிவது ஈடாகிறது.

நினைவு நாளை ஒட்டி இதைப் பெற்றோருக்கும் காட்டினேன். வந்திருந்த மீனவப் பெரியவர் ஒருவர், “டீச்சர், அன்று நான் நடுக்கடலில் இருந்தேன். படகு ஆடவே இல்லை. ஏன்?” என்று கேட்டார். நிலநடுக்கத்துக்குச் சுமார் இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு கடல்மட்டத்தை அளக்கும் ஜேசன்-1 செயற்கைக்கோள் வங்கக் கடலைக் கடந்தபோது அளந்த அலையின் உயரம் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர்தான் என்று சொன்னேன். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீண்ட அலையில் அந்த உயரம் படகுக்குத் தெரியாது, கரையை நெருங்கி வேகம் குறையும்போதுதான் நீர் எழும்பும் என்பதையும் விளக்கினேன். “அப்படியானால் அடுத்த மார்ச்சில் எல்லாரும் ஓடினோமே, அது?” என்றார். மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினேன். அவரே பட்டையை 2005 மார்ச் 28 இரவு 9:39 வரை இழுத்தார். சுமத்ராவை ஒட்டிய நியாஸ் தீவருகே 8.6 அளவில் ஒரு புள்ளி வந்தது, முதல் புள்ளிக்குத் தென்கிழக்கே. அதைத் தொடர்ந்து வந்தவையும் அங்கேயே கூடின, நிக்கோபார் பக்கம் நீளவில்லை. “இந்தக் கோடு நமக்கு நேராக இல்லையே, ஐயா” என்றேன். அவர் பட்டையைப் பின்னுக்கு இழுத்து மறுபடி ஓட்டிப் பார்த்தார்.